மட்டமான சேர் ஒண்ணு காட்டுங்க தம்பி

நல்லதைக் காட்டாதீங்க தம்பி! இருக்கறதுலயே மட்டமா ஒண்ணு காட்டுங்கன்னு வந்ததுலேர்ந்து கத்திட்டிருக்கேன்... நீங்க என்னடான்னா சுத்திச் சுத்தி அந்தக் கறுப்பு மசாஜ் சேர்கிட்டயே கூட்டிட்டுப் போறீங்க. அதேதான் தம்பி என் வீட்லயும் கெடக்கு! இங்க வாங்கினதுதான்! முறைக்காதீங்க, சேர் மேல குத்தமில்ல. அதுல உக்காந்திருக்கற ஆள் மேலதான்.

நான் பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறேன். வர்றவங்கல்லாம் ஜம்முனு சாஞ்சு வாயைப் பொளந்துக்குவாங்க. நான் பக்கத்துல எச்சி உறிஞ்சற குழாயப் பிடிச்சுட்டு நாள் பூரா நிக்கணும். இடுப்பு விட்டே போச்சு. நாமளும் ஒரு நாள் சாய மாட்டமான்னு, எங்க வீட்டுக்காரரோட மல்லுக்கு நின்னு வாங்கினேன். சாதா ஈசி சேர் போதும்னார் பாவம்... கேட்டனா?

சேர் வந்து எறங்குது, பின்னாடியே என் நாத்தனார் வீட்டுக்காரர், ட்ரில் மெஷினைத் திருப்பிக் குடுக்கறேன்னு வர்றார். சும்மா உக்காந்து பாக்கறேம்மான்னார். உக்காந்தார். அவ்ளோதான்! பசங்களுக்குப் பரீட்சை முடிஞ்சு, லீவு விட்டு, பள்ளிக்கூடமும் திறந்தாச்சு... மனுஷன் எழுந்திருக்கல!

சிரிக்காதீங்க! சாப்பாடு அங்கயே, ஷேவிங் அங்கயே. ஆபீஸ்லேர்ந்து வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போறாங்க. போன வாரம் ப்ரமோஷன் வேற குடுத்திருக்காங்க! கரண்ட்ட அணைச்சுப் பாத்தேன். 'அப்பாடா, இப்பதாம்மா நிம்மதியா இருக்கு'ங்கறார்!

எழுந்திருங்கன்னு சொல்ல முடியுமா? வீட்டு மாப்பிள்ளையாச்சே! மாமியார் என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிருவாங்க. நாத்தனாருக்கே போன் போட்டு, 'கூட்டிட்டுப் போங்க அண்ணி'ன்னு கெஞ்சினேன். 'இருக்கட்டுமே, சௌகரியமாத்தான இருக்கார்'ங்கறாங்க. குரல்ல அப்படி ஒரு குஷி!

ம்ம்... என் வாயும் சும்மா இருக்கல. உக்காந்தா எழுந்திருக்கவே தோணாது அண்ணின்னு நாந்தான் பீத்திக்கிட்டேன். வயிறெரியட்டும்னுதான்! அந்த ட்ரில் மெஷின் இருக்கே... அது எங்களோடதே இல்ல தம்பி! அண்ணி வேணும்னே குடுத்தனுப்பின சாக்கு!

அதான் ஒரு யோசனை. முதுகைப் பேத்தெடுக்கற மாதிரி ஒண்ணு வாங்கி, 'அண்ணே, புது மாடல்'னு பக்கத்துல போட்டுருவேன். ஆசையில தாவுவார். ஒரே குத்துல வீட்டைப் பாத்து ஓடிருவார். என் சேர் எனக்கு!

அதென்ன, மூலைல துணி போட்டு மூடிருக்கு? வாங்கினவங்க அழுதுட்டே திருப்பிக் குடுத்துட்டாங்களா? அட, இதை மொதல்லயே காட்டக் கூடாதா! ஸ்விட்சைப் போடுங்க, உக்காந்து பாக்கறேன்... ஐயோ! அம்மா! முதுகுல யாரோ துணி துவைக்கறாங்களே! பிரமாதம்! இதுல மனுஷன் உக்காருவானா... பில் போடுங்க... இருங்க இருங்க, அணைக்காதீங்க. அந்த எடம்... ஆங்... கொஞ்சம் கீழ... எந்த டாக்டரும் கண்டுபிடிக்காத எடத்தை இது கண்டுபிடிச்சிருச்சே தம்பி...

என் போன்தான் அடிக்குது, எடுத்துப் பேசுங்க. வீட்டுக்காரரா? இன்னும் சேர் பாத்துட்டிருக்கேன்னு சொல்லுங்க. சமையலா? மாப்பிள்ளையும் மச்சானும் சேந்து பாத்துக்கட்டும்...

என்ன தம்பி, லைட்டெல்லாம் அணைச்சுட்டீங்க? கடை மூடற நேரமா? மூடுங்க, தாராளமா மூடுங்க, நானா வேணாங்கறேன்... ஷட்டரை மட்டும் சத்தமில்லாம எறக்குங்க. கண்ணு சொக்குது.