இலைதழைச் சட்டை

இஸ்மோ: கல்லை விட்டெறிஞ்சா படற தூரம்க்கா! அவ்ளோ பெரிய மூஸ் மான்… குதிரையை விட ஒசரம்… பக்கவாட்டுல அசையாம நிக்குது. நீ என்னடான்னா துப்பாக்கியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க!

ஐலா: வண்டிக் கதவைச் சாத்துடா. குளிருது.

இஸ்மோ: குளிருதா? எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரியுது.

ஐலா: சாத்துன்னேன். காடு முழுக்கக் கேக்கணுமா?

இஸ்மோ: கேக்கட்டுமே! அங்க நெருப்பைச் சுத்தி உக்காந்து சாசேஜ் வாட்டிக்கிட்டு எல்லாரும் இதைத்தானே பேசறாங்க. ஐலாவுக்குக் கை உதறிடுச்சாம். ஐலாவுக்கு வயசாயிடுச்சாம்.

ஐலா: பேசிட்டுப் போறாங்க.

இஸ்மோ: உனக்கு ரோஷமே இல்லையா?

ஐலா: கதவு.

இஸ்மோ: சாத்திட்டேன்! போதுமா? இப்பவாவது சொல்லு. ஏன் சுடல?

ஐலா: மொதல்ல அந்தச் சட்டையைக் கழட்டு.

இஸ்மோ: எதை?

ஐலா: அதைத்தான். மேல மாட்டியிருக்கியே ஆரஞ்சு, அதை இல்ல. அதுக்கு அடியில இருக்கற இலைதழைப் படம் போட்டதை. தலையிலேர்ந்து கால் வரைக்கும் பூஞ்சை புடிச்ச மாதிரி… பாக்கவே சகிக்கல.

இஸ்மோ: நீ மூஸை விட்டதுக்கும் என் சட்டைக்கும் என்னக்கா சம்பந்தம்?

ஐலா: கழட்டுடா.

இஸ்மோ: மாட்டேன். ஆசையா வாங்கினது. கயானி டவுன்ல கடைக்காரரே சொன்னாரு, இதைப் போட்டுக்கிட்டு நின்னா மூஸ் நம்ம மேல வந்து முட்டற வரைக்கும் அதுக்குத் தெரியாதாம்.

ஐலா: விக்கறவன் வேற என்ன சொல்லுவான்? வாங்காதேன்னா சொல்லுவான்?

இஸ்மோ: அவரும் வேட்டைக்காரர்தான்.

ஐலா: உன்னை நல்லாத்தான் வேட்டையாடியிருக்கான்.

இஸ்மோ: சிரிக்காத.

ஐலா: நான் எங்கடா சிரிச்சேன்? மூஸுக்கு நெறமே ஒழுங்காத் தெரியாது. ஆரஞ்சும் பச்சையும் அதுக்கு ஒரே மங்கல். அதுக்கு மூக்குதான் எல்லாம். காது அடுத்தது. காத்து உன் பக்கத்துலேர்ந்து அடிச்சா, நீ நெசமாவே மரமா மொளைச்சு நின்னாலும் அது நிக்காது. காத்து சரியா இருந்து, நீயும் ஆடாம இருந்தா, கல்யாணக் கோட்டு போட்டுக்கிட்டுப் போனாலும் வந்து நிக்கும். நம்ம அப்பா எதைப் போட்டுக்கிட்டுச் சுட்டாரு? சிவப்புத் தொப்பி, சாம்பல் ஸ்வெட்டர்.

இஸ்மோ: அப்பா காலம் வேற. இப்ப காட்டுல கார், பைக், காளான் பொறுக்க வர்ற கூட்டம்… மானெல்லாம் உஷாராயிடுச்சு.

ஐலா: உஷாரானா புதுசா கண்ணு மொளைக்குமா?

இஸ்மோ: அப்ப பட்டாளத்துக்காரன் எதுக்கு இதைப் போடறான்? அவனுக்கு அறிவில்லையா?

ஐலா: அவனைத் தேடறது மனுஷன்டா! மனுஷனுக்குத்தான் இந்த இலை! இந்தக் காட்டுல அந்தச் சட்டை உன்னை ஒளிச்சு வெக்கணும்னா மூஸ்கிட்டேர்ந்து இல்ல, எங்ககிட்டேர்ந்துதான் ஒளிச்சு வெக்கும். துப்பாக்கியும் கையுமா நிக்கறோமே, எங்ககிட்டேர்ந்து!

இஸ்மோ: எதுக்குக் கத்தற? அதுக்குத்தானே மேல ஆரஞ்சு போட்டிருக்கேன்.

ஐலா: காப்பியைக் குடி. ஆறிப் போகுது.

இஸ்மோ: வேணாம்.

ஐலா: எதுக்கு ஜாக்கெட்டை இழுத்து இழுத்து மூடற?

இஸ்மோ: குளிர்.

ஐலா: இப்பத்தான் எரியுதுன்ன.

இஸ்மோ: அக்கா, நீ பேச்சை மாத்தாத. இந்த வருஷம் நம்ம குழுவுக்குச் சுட அனுமதி மிச்சமிருந்தது ஒரே ஒரு பெரிய மூஸ். அதுவும் போச்சு. நாளைக்கு ஒருநாள்தான் பாக்கி. என் பொண்டாட்டி மெர்வி ஃப்ரீசரைக் கழுவித் தொடச்சு வெச்சிருக்கா. வீட்டுக்குப் போனா அவ என்னைக் கேப்பா. நான் என்ன சொல்லட்டும்? என் அக்கா உக்காந்து வேடிக்கை பாத்தான்னா?

ஐலா: மெர்விகிட்ட என்ன சொல்லறதுன்னு நானும்தான் யோசிச்சேன். நல்லாவே யோசிச்சேன்.

இஸ்மோ: என்ன யோசிச்ச?

ஐலா: பேசாத. ரெய்யோ வர்றாரு.

இஸ்மோ: வரட்டும். கூட்டத்தலைவர் ஆச்சே, நாலு கேள்வி கேக்கட்டும்.

ரெய்யோ: கண்ணாடியை எறக்கும்மா ஐலா. ம்… துப்பாக்கி சிக்கிக்கிச்சுன்னு வாக்கி-டாக்கியில சொன்னியே. குடு, பாக்கறேன்.

ஐலா: சரியாயிடுச்சு ரெய்யோ. நானே பாத்துட்டேன்.

ரெய்யோ: பரவால்ல, குடு.

ஐலா: இந்தாங்க.

ரெய்யோ: போல்ட்டை இழுத்தா வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது. இது உங்கப்பாவோடதுதானே? அவர் தோள்ல பாத்திருக்கேன் இதை. சிக்கினதா ஒரு நாளும் கேள்விப்பட்டதில்ல.

ஐலா: இன்னிக்கு சிக்கிச்சு.

ரெய்யோ: என் நாய் காலையிலேர்ந்து ஓடி ஓடி நாக்கு தள்ளிக் கெடக்குது. உன் மடியில கொண்டாந்து போட்டுச்சு அந்த மூஸை. பயந்துட்டேன்னா பயந்துட்டேன்னு சொல்லும்மா. எல்லாருக்கும் ஒரு நாள் வரும். பொய் சொன்னாதான் எனக்குப் பிடிக்காது.

ஐலா: சிக்கிச்சு ரெய்யோ.

ரெய்யோ: சரி. அப்ப நாளைக்கு நீ துப்பாக்கி எடுத்துட்டு வர வேணாம். நாய்க்குப் பின்னால நடக்கறவங்களோட நட. நீ உக்காந்த அந்தச் சதுப்போரம் வேற ஆளைப் போடறேன்.

இஸ்மோ: அண்ணே, அது வந்து…

ஐலா: நீ வாயை மூடு. சரி ரெய்யோ. நடக்கறேன்.

ரெய்யோ: ஏன்டா இஸ்மோ, உன் பக்கம் ஏதாச்சும் வந்துச்சா?

இஸ்மோ: இல்லண்ணே. ஒண்ணுமே வரல.

ரெய்யோ: அந்த ஓடைப்பாலத்துல உனக்கு என்ன வரும்… சும்மா காவலுக்குத்தானே போட்டேன். சரி, சாசேஜ் தீர்றதுக்குள்ள வாங்க ரெண்டு பேரும்.

ஐலா: வர்றோம்.

இஸ்மோ: பாத்தியா அவர் பேசறதை? காவலுக்குப் போட்டாராம்! மூணு வருஷமா எனக்கு அந்தப் பாலம்தான். மூணு வருஷமா ஒரு முயல் கூட வரல. வேணும்னே பண்றாருக்கா. கூட்டம் முழுக்க என்னைப் பாத்து…

ஐலா: ஒண்ணுமே வரலையாடா?

இஸ்மோ: என்னது?

ஐலா: ரெய்யோகிட்ட இப்ப சொன்னியே. ஒண்ணுமே வரலேன்னு.

இஸ்மோ: ஆமா. பாலத்துகிட்ட என்ன வரும்?

ஐலா: பாலத்துக்கும் என் சதுப்புக்கும் நடுவுல அவ்ளோ பெரிய மேடு இருக்கு. அங்கேர்ந்து பாத்தா வானம்தான் தெரியும். கல்லெறியற தூரம்னு உனக்கு யார் சொன்னா?

இஸ்மோ: …நாய் கொரைச்ச சத்தத்தை வெச்சு…

ஐலா: பக்கவாட்டுல நின்னுச்சுன்னு?

இஸ்மோ: நெருப்புகிட்ட பேசிக்கிட்டாங்க…

ஐலா: நான் யார்கிட்டயும் சொல்லல. சிக்கிச்சு, அந்த ஒரு வார்த்தைதான் என் வாயிலேர்ந்து வந்துச்சு. அக்கா துப்பாக்கியை மடியில வெச்சிருந்தான்னு நாய் வந்து சொல்லுச்சா உனக்கு? நீ நெருப்புகிட்ட வரும்போது இந்த ஆரஞ்சு ஜாக்கெட்ல மடிப்பு கூடக் கலையல. அப்பத்தான் பையிலேர்ந்து எடுத்து மாட்டியிருக்க. காலையிலேர்ந்து காட்டுல நின்னவன் சட்டை மாதிரியா இருந்துச்சு அது?

இஸ்மோ: உனக்கு… உனக்கு எப்ப தெரியும்?

ஐலா: நீ சொல்லு. உன் வாயால சொல்லு.

இஸ்மோ: சரி! பாலத்தை விட்டு வந்தேன். போதுமா? நாய் உன் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போற சத்தம் கேட்டுச்சு. மேட்டைத் தாண்டி ஓடி வந்து அந்தச் சின்ன மரங்களுக்கு நடுவுல உக்காந்தேன். உனக்கு முன்னாடி நான் சுடணும்னு வந்தேன். வெக்கமா இருக்கு, ஆனா வந்தேன். ஒரு தடவை… ஒரே ஒரு தடவை அந்த நெருப்பைச் சுத்தி என்னைப் பத்தி நல்லவிதமாப் பேசணும்னு நெனச்சேன்.

ஐலா: ஆரஞ்சு?

இஸ்மோ: ஆரஞ்சைப் போட்டா இலை எதுக்கு? அதான் கழட்டிட்டேன்.

ஐலா: கழட்டிட்ட.

இஸ்மோ: ஆனா பாரு, மூஸ் என்னைப் பாக்கல! என் பக்கத்துலயே வந்து நின்னுச்சு…

ஐலா: இன்னும் அதைத்தான் பேசற! காத்து குறுக்கால அடிச்சுது, உன் வாசனை அதுக்கு எட்டலடா மடையா! அது பாக்கல, சரி. நானும் பாக்கலடா! நானும்! புரியுதா உனக்கு?

இஸ்மோ: அக்கா…

ஐலா: லாக்கை எடுத்துட்டேன். மூச்சைப் பாதி விட்டுட்டேன். விரல் விசையில. மூஸ் தோளுக்குப் பின்னால ஒரு புதர். வெறும் புதர். அந்தப் புதர் கையைத் தூக்கி மூஞ்சியைத் தொடச்சுக்கிச்சு. இந்தத் துப்பாக்கிக் குண்டு மூஸோட நிக்காது. ஒரு விலாவுல பூந்து அடுத்த விலாவுல வெளிய வரும். வந்து எங்க போகும்? சொல்லு, எங்க போகும்?

இஸ்மோ: கத்தியிருக்கலாமேக்கா…

ஐலா: கொரலே வரல. வாயைத் தொறந்தேன், காத்துதான் வந்துச்சு. துப்பாக்கியை எறக்கி மடியில வெச்சேன். மூஸ் போனதைக் கூட நான் பாக்கல. மெர்வி வீட்டுக் கதவைத் தட்டி என்ன சொல்லறதுன்னு… அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ வந்து கதவைத் தொறந்த ஒடனே என்னையே திட்டற!

இஸ்மோ: ரெய்யோகிட்ட அதை ஏன் சொல்லல?

ஐலா: சொன்னா உன்னைக் கூட்டத்தை விட்டே தள்ளிடுவாரு. அதுக்கு மேல போலீஸ் வரைக்கும் போகும். ஆனா நாளைக்குச் சொல்லத்தான் போறேன். இன்னிக்கு என்னால வாயைத் தொறக்க முடியல, அவ்ளோதான்.

இஸ்மோ: சொல்லிடுக்கா. நானே சொல்லிடறேன்.

ஐலா: இப்ப நல்லவன் மாதிரி பேசாத, அறைஞ்சுடுவேன்.

இஸ்மோ: அறை.

ஐலா: …ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல.

இஸ்மோ: என்ன?

ஐலா: எனக்கு முன்னாடி சுடணும்னுதானே ஓடி வந்த. உனக்கும் அது பக்கவாட்டுலதான் நின்னுச்சு. என்னை விட நீ கிட்ட. உன் கையிலயும் துப்பாக்கி. நீ ஏன் சுடல?

இஸ்மோ: விடுக்கா.

ஐலா: உனக்கும் சிக்கிக்கிச்சா?

இஸ்மோ: விடுன்னேன்ல!

ஐலா: சொல்லுடா இஸ்மோ.

இஸ்மோ: இதை நீ கேக்கக் கூடாதுன்னுதான்க்கா வந்ததுலேர்ந்து உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன்… நீ அந்தப் பக்கம் பாறைகிட்ட இருப்பேன்னு நெனச்சேன். நானும் லாக்கை எடுத்துட்டேன். விரலை வெச்சு பாதி அழுத்திட்டேன். அப்ப அதோட நாலு காலுக்கு நடுவுல, வயித்துக்குக் கீழ, ஆரஞ்சா ஏதோ தெரிஞ்சுது. என்னன்னு பாக்க துப்பாக்கி ஸ்கோப்பைக் கொஞ்சம் எறக்கினேன்… நீ ஸ்டூல்ல உக்காந்திருந்த.