பச்சை வெளிச்சத்தில் எடுத்த படம்

– பொய் சொல்ற கண்ண இந்த ஆஸ்பத்திரிக் கேமரா காட்டிக் குடுத்துருமா மிஸ்ஸி?

– கண்ணு பொய் சொல்லாது நவமணியக்கா. மொதல்ல அண்ணன் தாடைய இந்தக் கட்டையில வைக்கட்டும். வச்சிட்டீங்களாண்ணே? ரிலேக்ஸ்.

– வச்சிட்டேன். இவளக் கொஞ்சம் வெளிய உக்காரச் சொல்லுங்க மிஸ்ஸி. பொண்டாட்டி பக்கத்துல நின்னா எனக்குக் கண்ணு தானா துடிக்குது லா.

– நான் போக மாட்டேன். மூணு மாசமா இந்தக் கண்ணுக்குத்தான் சோறு போட்டு வீட்ல வச்சிருக்கேன். உள்ள என்னதான் இருக்குன்னு நானும் பாக்குறேன்.

– மூணு மாசம் முன்ன என்னண்ணே ஆச்சு? டாக்டர் எழுதியிருக்காரு. இருந்தாலும் உங்க வாயால சொல்லுங்க.

– வீட்ல எனக்கும் இவளுக்கும் சேந்தாப்புல அம்மை போட்டுச்சு. எறங்குன கொஞ்ச நாள்ல எடது கண்ண உருட்டுனா உள்ளுக்க ஒரு வலி. மறுநாளு பனிமூட்டம் மாதிரி ஆயிருச்சு. டாக்டரு, நரம்பு வீங்கியிருக்குன்னு மருந்து குடுத்தாரு. மூட்டம் கலஞ்சிருச்சு மிஸ்ஸி, ஆனா நெறம் திரும்பி வரல. நான் பஸ்ஸுல டிக்கெட்டு கிழிக்கிறவன். ரோஸ் டிக்கெட்ட வலது கண்ணு ரோஸுங்குது, எடது கண்ணு வெள்ளங்குது. நான் எதக் கேக்குறது?

– வலதக் கேளுங்க. அது ஒழுங்காத்தானே இருக்கு.

– பாத்தீங்களா மிஸ்ஸி, இப்படித்தான்.

– செவுத்துல இருக்குற எழுத்து அத்தனையும் படிச்சிட்டாரு மிஸ்ஸி. அடி வரி, எறும்பு மாதிரி இருக்கே, அதையும் படிச்சாரு.

– எழுத்து வேற, நெறம் வேற லா.

– ஆமா. பாத்திரம் வெளக்கணும்னா கண்ணு மங்கிப் போவுது. டிவியில பேரா டீமுக்காரன் பந்தடிச்சா மட்டும் கோலாலம்பூரு வரைக்கும் தெரியுது.

– பந்து வெள்ளடி. சிவப்பா இருந்தா எனக்குத் தெரியாது.

– ரெண்டு பேரும் கொஞ்சம் அடங்குங்க. இந்தப் படத்துக்குப் பச்ச வெளிச்சம் போடுவேன், கறுப்பு வெள்ள பிலிம். கண்ணுக்குப் பின்னால நரம்பு இழை எல்லாம் சீவுன தலமுடி கணக்கா வெள்ளையா விழும். வீக்கத்துல செத்துப்போன எடத்துல இழை இருக்காது, கறுப்பா கெடக்கும். சரியா? அசையாம நேரா பாருங்கண்ணே.

– அம்மாடி. மின்னலு மாதிரி அடிக்குது.

– படத்துல கறுப்பு இல்லன்னா என்ன செய்யப் போறீங்க?

– இல்லன்னா திங்கக்கெழம பஸ் ஏறிர்றேன். சட்டி பானையும் நானே வெளக்குறேன், போதுமா? இருந்துச்சுன்னா நீ என்ன செய்வ?

– இருந்தா இனிமே வாயே தொறக்க மாட்டேன்.

– மிஸ்ஸி, இத எங்கியாவது எழுதி வைங்க. நான் கண்ணாலம் கட்டுன நாள்லேர்ந்து கேக்காத பேச்சு இது.

– அக்கா, நீங்களும் வந்து உக்காருங்களேன். பக்கத்துல வச்சுப் பாக்க டாக்டர் ஒரு நல்ல கண்ணு கேட்டாரு.

– எனக்கு எதுக்கு மிஸ்ஸி?

– அண்ணனுக்கு எடுத்த மாதிரி உங்களுக்கும் எடது கண்ணுதான். வலிக்காது. சொட்டு மருந்து விட்டு அர மணி நேரம் வெளிய உக்காந்தா போதும்.

– சரி, சொட்ட விடுங்க.

– ரெண்டு பேருக்கும் சொட்டு விட்டுக் கண்ணு கூசுனா பஸ் நம்பர யாரு பாக்குறது? மாறி ஏறி சிலிம் ரிவர்ல போய் எறங்கப் போறோம்.

– அதான் கூடவே கண்டக்டரு வர்றாரே.

*

– போன வாரம் எடுத்தீங்களே மிஸ்ஸி, படம் கழுவி வந்துருச்சா?

– வந்துருச்சுண்ணே. மேசையில இருக்கு, ரெண்டு பேரும் கிட்ட வாங்க. இந்த வெள்ள வட்டம் இருக்கே, அதுதான் நரம்பு வெளிய போற வாசல். அதச் சுத்தி இழை ஓடுது, தெரியுதா?

– எங்க ஓடுது? இங்க மேலயும் கீழயும் பட்ட பட்டயா கறுப்பா கெடக்கே.

– ஆமாண்ணே. இந்தப் படத்துல நெறையவே போயிருச்சு.

– நவமணி, கேட்டுக்கிட்டியா? நெறையவே போயிருச்சாம். சோம்பேறின்ன, கள்ளன்ன, உங்கப்பன்கிட்ட போய் நடிகருன்ன. இப்ப கேமராகிட்ட பேசு.

– அண்ணே, கொஞ்சம் இருங்க.

– இருங்க மிஸ்ஸி, இவள இப்படி வாயடச்சு நான் பாத்ததே இல்ல. டாக்டருகிட்ட சொல்லி இன்னும் ரெண்டு மாசம் லீவு எழுதச் சொல்லுங்க. பாத்திரம் பக்கமே நான் போகக் கூடாதுன்னு தனியா ஒரு வரி போட்டா இன்னும் நல்லது.

– அர்ச்சுனண்ணே. உங்க படம் அந்தா, அந்தப் பக்கம் இருக்கு. உங்களுக்கும் போயிருக்கு, நீங்க சொன்னது பொய்யில்ல. இதோ, வகிடு எடுத்த மாதிரி மெலிசா ஒரு கோடு. ஆனா உங்க கையில இருக்குறது அக்காவோடது.

– மாறியிருக்கும் மிஸ்ஸி. நல்லாப் பாருங்க.

– நானே எடுத்தேன், நானே கழுவுனேன். மாறல. அக்கா, உங்களுக்கும் கண்ண உருட்டுனா வலிச்சுதா?

– வலிச்சுது.

– எப்பக்கா?

– இவரு கண்ணு தெரியலன்னு படுத்தாருல்ல, அதே வாரம்.

– எங்கிட்ட ஏன் லா சொல்லல? சிவப்பு ஒனக்கு எப்படித் தெரியுது?

– வெளுத்துப் போய்த்தான்.

– அப்ப நான் பொய் சொல்லலன்னு ஒனக்கு மொதல்லயே தெரியும்.

– தெரியும். நானும் பாய விரிச்சிருந்தா அடுப்ப யாருங்க பத்த வச்சிருப்பா?