வேட்பாளருக்கு ஒரு டம்ளர்

காபியில் இனிப்பு குறைவாக இருந்தால் சொல்லுங்கள், கோகுல்நாத் சார். எனக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து என் மனைவி சரஸ்வதிக்குக் கை சுருங்கிவிட்டது.

இந்த வார்டில் கட்சி ஏன் தோற்றது என்று விசாரிக்க மாவட்டக் கமிட்டி உங்களைக் கமிஷனாக அனுப்பியிருக்கிறது. நல்ல காரியம். மழை பெய்தது, எதிர்க்கட்சி பிரியாணி போட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பார்கள். என்னிடம் இருப்பது சின்ன விஷயம். ஒரு எவர்சில்வர் டம்ளர்.

பெண்களுக்கான பொது வார்டு இது. என் மருமகள் நிற்பாள் என்று ஊரே நினைத்தது. கட்சி மௌனிகாவை நிறுத்தியது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் காலனிப் பெண், நர்சு. என் கால் புண்ணுக்கு ஆறு மாதம் வீடு தேடி வந்து கட்டுப் போட்டவள். தன் மடியில் என் காலை வைத்துத்தான் கட்டுவாள். நான் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. அவள் அப்பா என்னைச் சாமி என்று கூப்பிட்டவர். இவள் அண்ணா என்பாள். அதையும் நான் பெரிதுபடுத்தவில்லை. சாதி பார்ப்பது எனக்குப் பிடிக்காது. பார்க்காமலே தெரிந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

காலனிக்குக் குடிதண்ணீர்க் குழாய் கொண்டுபோவேன் என்று சொல்லித்தான் அவள் ஓட்டுக் கேட்டாள். குழாய் இப்போதைக்கு என் தென்னந்தோப்போடு நிற்கிறது. வீடு வீடாக அவளை அழைத்துப்போகும் பொறுப்பைக் கட்சி எனக்குக் கொடுத்தது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன் என்றும் எழுதலாம்.

எங்கள் பக்கம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வாய் மோராவது கொடுக்காமல் அனுப்ப மாட்டோம். முதல் வீடு தெய்வாத்தாள் வீடு. உள்ளே போன அம்மாள் வெளியே வரவில்லை. அலமாரிக்கு முன்னால் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும். எதில் ஊற்றிக் கொடுப்பது? பாவம், வயதானவள். தோள்பையிலிருந்து டம்ளரை எடுத்து வாசற்படியில் வைத்தேன்.

"இதுல ஊத்துங்க அத்தை. புள்ளைக்குன்னு தனியாக் கொண்டாந்திருக்கறேன்."

தெய்வாத்தாள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது.

"நீங்க கூட இருக்கறப்ப எனக்கென்னுங்க கவலை," என்று சொம்பைத் தூக்கிப் பிடித்து, படாமல் ஊற்றினாள்.

மௌனிகாவிடம் முந்தைய நாளே சொல்லியிருந்தேன். மஞ்சள் காமாலை பரவுகிறது, கண்ட பாத்திரத்தில் குடிக்காதே என்று. அப்போது எங்கும் காமாலை இல்லை. நர்சுக்கு அதைவிடப் பொருத்தமான பொய் எனக்குத் தோன்றவில்லை. அவள் சிரித்துக்கொண்டே, "அண்ணன் என்னையக் கலெக்டரம்மாவாட்டப் பாத்துக்கறாங்க," என்று தெய்வாத்தாளிடம் சொன்னாள்.

அதன்பிறகு எந்த வீட்டிலும் நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. டம்ளரை எடுத்து வைப்பேன். ஜெயித்தால் ஐந்து வருடம் இவள் நம் வாசலேறி வருவாள், ஒவ்வொரு முறையும் இந்தச் சங்கடம் வரும் என்பது அவர்களுக்குத் தானாகவே புரிந்தது. தமிழ் பேசும் இந்த எல்லையோர வார்டுக்குக் கட்சி மலையாளத்தில் அச்சடித்துக் கொடுத்த நோட்டீசைவிட அது நன்றாக வேலை செய்தது.

ஒரே இடத்தில்தான் தடங்கல். கடைக்கார அப்துல் நாசர், டம்ளரைக் கண்டதும், "பையில வெய்யுங்க அதை. எங்கடைக் கிளாசுல என்ன கொறை?" என்று முகம் சுளித்தார். அவளுக்குக் கண்ணாடிக் கிளாசில் டீ கொடுத்து, தானும் எதிரில் உட்கார்ந்து குடித்தார். சிலருக்கு ஊர் வழக்கம் பிடிபடுவதில்லை. அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகத்தானே இங்கே இருக்கிறது.

கடைசி நாள் காலனிக்குப் போனோம். நல்ல வெயில். அவள் தம்பி சிவப்பிரகாஷ் எனக்கு நாற்காலி போட்டுத் துண்டால் துடைத்தான். மௌனிகா தண்ணீர் கொண்டுவந்தாள். வயிறு சரியில்லை என்றேன். என் தோள்பையைப் பார்த்தாள். பிறகு என் பையிலிருந்து அந்த டம்ளரையே எடுத்து, கழுவி, தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

"இதுல குடிங்கண்ணா. உங்கூட்டு டம்ளர்தானுங்க."

என் வீட்டு டம்ளர்தான். ஆனால் எனக்குக் கை நீளவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  இந்த வார்டில் வாக்குப்பதிவு அப்போதே முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தண்ணீரை ஒரு செடிக்கு ஊற்றினாள், டம்ளரைத் துடைத்து என் பையில் வைத்தாள். சிவப்பிரகாஷ் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

தோற்றாள். குழாய் என் தோப்போடு நின்றது. கோடையில் காலனிக் கிணறு கலங்கி, மஞ்சள் காமாலை நிஜமாகவே வந்தது. நான் சொன்னதில் அது ஒன்றாவது பலித்தது. முதலில் போனவன் சிவப்பிரகாஷ். மாலை வாங்கிக்கொண்டு போனேன். ஒருவரும் வாங்கென்று சொல்லவில்லை. வாசலில் வைத்துவிட்டு வந்தேன். துக்க வீட்டில் மரியாதை எதிர்பார்க்கக் கூடாது.

ஆமாம், செய்தது நான்தான். காரணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்: வெறுப்பு இல்லை. இப்போதும் கால் புண் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவேன். தெய்வாத்தாள் அத்தைக்குச் சங்கடம் வரக்கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். ஒரு பெரியவளின் மனசு நோகாமல் பார்த்துக்கொள்வது சாதி பார்ப்பதாகுமா?

அந்த டம்ளரா? மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அவளுக்கென்று எடுத்தது, வேறு யாருக்குப் பயன்படும்? நீங்கள் தயங்காமல் குடியுங்கள், சார். உங்கள் கையில் இருப்பது உள்வீட்டு டம்ளர். நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று நேற்றே விசாரித்துவிட்டேன்.