படியேறாத கட்டில்

அந்தக் கணப்ப மொதல்ல அணைச்சிரு தம்பி. நெருப்பு இல்ல, புகை இல்ல, சூடும் பெருசா இல்ல. ஒரு சுவிட்சப் போட்டா ஆரஞ்சு வெளிச்சம் ஆடுது. இதக் காட்டித்தான் வண்டி வாங்க வர்றவங்கள்ல பாதி பேரக் கவுக்கிறீங்க. நான் அப்பிடிக் கவுர்ற ஆள் இல்ல. டாரின்தான உம் பேரு? சட்டையில எழுதியிருக்கு. இங்க வா டாரின், இந்த அலமாரிக்குள்ள கைய விடு. இன்னும் மேல, மூலைக்கு. என்ன தட்டுப்படுது? ஸ்டேப்ளர் முள்ளு. ஸ்க்ரூ இருக்க வேண்டிய எடத்துல முள்ளு. எப்பிடித் தெரியும்னா, அடிச்ச கை இதுதான். இதே வண்டி இல்ல, இதோட அண்ணன் தம்பிங்க. இருபத்தாறு வருஷம், ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட நீல ஷெட்டு இருந்திச்சே, அங்க இந்த மாதிரி டிரக்கு இழுக்கிற வீட்டு வண்டிக்கு அலமாரி மாட்டுற வேல. ஆர்லோ ஃபென்ஸ்டர்மேக்கர்னு உங்க அப்பாவக் கேட்டுப் பாரு. ஒண்ணு சிரிப்பாரு, இல்ல காறித் துப்புவாரு.

ஓ, அவரும் அங்கதானா? கூரை போடுற பக்கமா? அப்ப எங்கிட்ட தொழிலாளர் சங்க நோட்டீஸ் வாங்கியிருப்பாரு. கிழிச்சும் போட்டிருப்பாரு. பரவால்ல, உம்மேல எனக்கென்ன கோவம்.

ஒரு நாளைக்கு இத்தன வண்டின்னு கணக்கு தம்பி, முடிச்சா வீட்டுக்குப் போலாம். அதனால அவனவன் ஓடுவான். விடியறதுக்கு முன்ன ஆரம்பிச்சு மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் கடைசி வண்டி வெளிய. சீக்கிரம் போறோம்னு சந்தோஷம், முதுகு போறது தெரியாது. வார லீவு அவசரத்துல வெள்ளிக்கிழம செஞ்ச வண்டிய வாங்காதன்னு ஜனங்க பேசிக்குவாங்க. எங்க ஷெட்டுல எல்லா நாளும் வெள்ளிக்கிழமதான். சங்கம் வேணும்னு மூணு தடவ ஓட்டெடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். மூணாந்தடவ பதினோரு ஓட்டுல தோத்தோம். அந்தப் பதினோரு பேருல நாலு பேரு எங்கையப் பிடிச்சுச் சத்தியம் பண்ணவன். அந்த வருஷம் ஆர்டர் கொட்டிச்சு, அதுல ஒருத்தன் படகு வாங்கினான், சங்கம் எதுக்குன்னான். மறு வருஷம் ஆர்டர் நின்னதும் மொதல்ல வெளிய போனவன் படகுக்காரன். எங்கிட்டயே வந்து அழுதான். நான் என்ன பண்ணேன்? அடுத்த நோட்டீஸ நீட்டினேன். ஆறுதல் சொல்லத் தெரியாது எனக்கு. நோட்டீஸ் குடுக்கத் தெரியும்.

எத்தனாவது வண்டின்னா கேட்ட? மொதல். சிரிக்காத. ஆயிரக்கணக்குல செஞ்சவன் ஒண்ணு கூட வச்சிருந்ததில்லதான். கொள்கை தம்பி. சங்கம் இல்லாத ஷெட்டுல செஞ்ச பெட்டிக்குள்ள நான் படுக்க மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். லவான், எம் பொண்டாட்டி, அதோ அந்த சாம்பல் கலர் கார்ல இருக்கா பாரு. என் நோட்டீஸ் அத்தனையும் அவ டைப் அடிச்சது. முதலாளிங்கிற வார்த்தைய நான் ஒரு பக்கத்துல ஒம்போது தடவ எழுதினா, அவ நாலாக் கொறைப்பா. படிக்கிறவன் தூங்கிருவான் ஆர்லோம்பா. கம்பெனி விளம்பரப் புத்தகத்த மட்டும் சமையலறை இழுப்பறையில வச்சிருப்பா. ஒரு நாள் எடுத்துட்டு வந்து, ஏன் ஆர்லோ, இத ஃபிப்த் வீல், அஞ்சாவது சக்கரம்னு சொல்றாங்களே, எண்ணிப் பாத்தேன் எங்கயும் காணோமேன்னா. டிரக்கோட முதுகுல இருக்கிற இரும்புத் தட்டுதான் அது, டிரெய்லரோட மூக்கு அதுமேல உக்காரும்னேன். ஓகோ, அப்ப வீட்டையே டிரக் முதுகுல சாச்சுக்கிட்டுப் போறதான்னா. ஆமான்னேன். சங்கம் ஜெயிச்சதுக்கப்புறம் வாங்கலாம்னேன். நாங்க ஜெயிக்கல.

வேண்டாம், அவளக் கூப்பிட வேண்டாம். அங்கயே இருக்கட்டும். இங்கருந்து எனக்குத் தெரியுது, அதான் கார அங்க நிறுத்தியிருக்கேன்.

ஒண்ணு சொல்லிடறேன், அப்பத்தான் நீ என்னைய அங்கயும் இங்கயும் இழுக்க மாட்ட. எங்க வீடு வித்தாச்சு. முப்பதாம் தேதி சாவியக் குடுத்தாகணும். எம் பொண்ணு மர்லிஸ் ஃபோர்ட் வெய்ன் ஊர்ல இருக்கா, அந்தக் காசு வேற ஒரு எடத்துக்குப் போகணும்னு அவளுக்கு நெனப்பு. அப்பா, உனக்கு எழுபத்தி நாலு, கிறுக்குத்தனம் பண்ணாதங்கிறா. அவ சொல்றதும் தப்பில்ல. ஆனா இன்னிக்கு நான் எடுக்கிற வண்டிதான் எங்க ரெண்டு பேருக்கும் வீடு, கடைசி வரைக்கும். தப்பான வண்டியாப் போச்சுன்னா திருப்பி இன்னொண்ணு வாங்க எங்கிட்ட எதுவும் இல்ல. அப்புறம் மர்லிஸ் சொல்றபடிதான். புரியுதா? அதனால பொறுமையா இரு.

மொதல்ல டிரக்கு. வாசல்ல பளபளன்னு நிறுத்தியிருக்கியே அந்தச் செவப்பு, அது ஆகாது. பதிமூணாயிரம் பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கு, பாத்தேன். இழுக்கும். யாரு இல்லேன்னா? இழுக்கிறது வேற, சுமக்கிறது வேற. இந்த டிரெய்லர்ல சாமான் ஏத்தினா பன்னெண்டாயிரம். அதுல அஞ்சுல ஒரு பங்கு டிரக் முதுகுல நேரா உக்காரும், ரெண்டாயிரத்து நானூறு. டிரைவர் கதவத் தெற, நிலையில மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும், நான் தெறந்து படிச்சாச்சு, முதுகுல ஆயிரத்து ஐந்நூத்தி நாப்பதுதான் தாங்கும். இதுல நாங்க ரெண்டு பேரு, அந்த இரும்புத் தட்டு எல்லாம் அடக்கம். பின்பக்கம் தரையில இழையும், முன்சக்கரம் ரோட்டத் தொடாது, பிரேக் போட்டா டிரெய்லர் சொல்றதத்தான் டிரக் கேக்கும். இந்தச் சீட்டப் படிக்காமதான் ஜனங்க டிரக்க மொதல்ல வாங்கிட்டு டிரெய்லருக்கு அப்புறம் வர்றான். நீங்களும் சொல்றதில்ல. நான் வாழ்நாள் பூரா பொடி எழுத்தப் படிச்சவன் தம்பி, எங்கிட்ட வேண்டாம்.

பின்வரிசையில ஒண்ணு நிக்குதே, பச்ச, பின்னால ரெட்டைச் சக்கரம், சாமான் ஏத்துற பெட்டி நீளம். அதுதான். பழசுதான், தெரியும். முன்னாடி பெஞ்சு சீட்டு இருக்குல்ல? நடுவுல கப்பு வைக்கிற பொட்டியெல்லாம் இல்லாம ஒரே பெஞ்சு. நடு எடத்துக்கு பெல்ட்டு இருக்கா? போய்ப் பாரு. இல்ல, பாக்கணும், அது முக்கியம். அவ கதவோரம் உக்காரக் கூடாது, நடுவுலதான். காதல் கதையா? வச்சுக்கயேன்.

இப்ப உள்ளுக்கு வா. இந்தக் கணப்பு வண்டி வேண்டாம்னுட்டேன். ஏன்னா படுக்கையறை. பாரு, மூணு படி ஏறணும். டிரெய்லர் மூக்கு டிரக் மேல ஏறி உக்காருதில்ல, அந்த மூக்குக்குள்ளதான் எல்லாக் கம்பெனிக்காரனும் பெரிய கட்டிலப் போட்டு வைக்கிறான். விளம்பரத்துல அந்தப் படியில ஒரு பொம்பள உக்காந்து காப்பி குடிக்கிறா. நிஜத்துல அந்தப் படியிலதான் எல்லாரும் உருள்றது.

அடுத்ததக் காட்டு. ம்... இது பரவால்ல. கூரை ஓரத்துல தண்ணி ஒழுகின கற இல்ல. சுவத்தக் கையால அமுக்கிப் பாத்தேன், கொப்புளம் இல்ல. இது யாரோ ஸ்க்ரூ போட்டிருக்கான், நல்லவன். பின்னாடி ஒரு சின்ன ரூமு இருக்குதே, தரையோட தரையா, ரெண்டடுக்குக் கட்டில். ஆமா, பசங்களுக்குச் செஞ்சது. பேரப்பிள்ளைங்களா? மர்லிசுக்குப் புள்ள இல்ல. எனக்கு இந்தக் கீழ்க்கட்டில்தான் வேணும். மேல்கட்டிலக் கழட்டிருவேன், நாலு போல்ட்டு, பத்து நிமிஷம். அவ இங்க படுப்பா. நான் அந்த சோபாவுல, கதவுக்குக் குறுக்க. மேல இருக்கிற பெரிய கட்டில்ல பொட்டியப் போட்டு வைப்போம். வீணா? ஆமா, வீணுதான். தலைமாட்டுல நட்சத்திரம் தெரியிற ஜன்னல் வேற வச்சிருக்கான். பொட்டிங்க பாத்துக்கட்டும்.

வெளிக்கதவுக்கு உள்பக்கமா ஒரு தாழ்ப்பாள் போடணும், என் தலைக்கு மேல, எங்கை எட்டுற ஒசரத்துல. அடுப்பு கேஸுக்கு வெளியில ஒரு வால்வு வேணும், ராத்திரி நான் மூடற மாதிரி. இத உன் பட்டறையில செஞ்சு தருவாங்களா? இல்லன்னா நானே செஞ்சுக்கிறேன். உங்க ஆளு முள்ளடிச்சு வைப்பான்.

அட, அதத்தான கேப்ப. வீடும் வண்டியும் ஒண்ணா இருக்கிற பெரிய பஸ்சு மாதிரி வாங்கினா சுலபம்தான், கழட்டி மாட்ட வேண்டாம். அதுல ஓடும்போதே எந்திரிச்சுப் பின்னால போயிருவா தம்பி. கதவத் தெறப்பா. ஒரு தடவ கார்லயே தெறந்துட்டா. அம்பது மைல் வேகம். கோட்டுக் காலரப் பிடிச்சேன், பட்டன் தெறிச்சது, ஆளு தங்கினா. அன்னிக்கே அந்தப் பக்கத்துக் கதவுக்கு உள்கைப்பிடியக் கழட்டிட்டேன். அதான் அவ இறங்காம உக்காந்திருக்கா, சமத்தா இருக்கான்னு நீ நெனச்சிருப்ப.

ரெண்டு மூணு வருஷமாச்சு. டாக்டர் இந்த மறதிக்கு ஒரு பேரு சொன்னாரு. நான் அந்தப் பேரச் சொல்றதில்ல.

எங்க போகப் போறீங்கன்னு கேக்குற. நல்ல கேள்விதான். தெனமும் சாயங்காலம் நாலு மணியானா கோட்ட மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பா. சார், என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்பா. சார்னா நான்தான். முப்பத்தெட்டு வருஷமா இருந்த வீடு, நான் கட்டினது, அதுக்குள்ள நின்னுக்கிட்டே கேப்பா. எனக்குத்தான் வாதாடத் தெரியுமே. இதுதான்டி உன் வீடுன்னு நிரூபிச்சேன். வீட்டுப் பத்திரத்தக் கொண்டுவந்து அவ பேரு, அவ கையெழுத்து எல்லாத்தையும் வெரல வச்சுக் காட்டினேன். நின்னு நிதானமாப் படிச்சா, படிக்கிறது இன்னும் போகல. படிச்சிட்டு, ஐயோ, நாம அந்தம்மா வீட்டுலல்ல இருக்கோம், அவங்க வர்றதுக்குள்ள கெளம்பலாம் சார்னு அழுதா.

அன்னிக்கோட வாதாடறத விட்டேன்.

கார்ல ஏத்தி ஓட்டினா அடங்கிருவா. சோளக்காட்டு ரோடு, தேவாலயம், மறுபடி சோளக்காடு, எங்கன்னாலும் சரி. ஓடற வரைக்கும் கேக்க மாட்டா, போய்க்கிட்டுத்தான இருக்கோம். ஆனா எங்கயாவது திரும்பித்தான ஆகணும்? அதே வாசல்ல கொண்டுவந்து நிறுத்தினா, இது இல்ல சார்ம்பா. மர்லிஸ் சொல்ற எடத்தையும், இவள மாதிரி ஆளுங்கள வச்சுப் பாத்துக்கிற விடுதி, போய்ப் பாத்தேன். சுத்தமாத்தான் இருக்கு. அங்க நாலு மணிக்கு ஒரு பதினஞ்சு பேரு கோட்ட மாட்டிக்கிட்டுக் கதவுகிட்ட நிக்கிறாங்க தம்பி. கதவுக்கு வெளிய பூட்டு.

அதனால வீட்டப் பின்னால கட்டி இழுத்துக்கிட்டே போறதுன்னு முடிவு பண்ணேன். தெக்க போவேன், குளிர் விட்டா வடக்க வருவேன், என் முட்டி தாங்கிற வரைக்கும். அப்புறம் மர்லிஸ் இருக்கா.

ஹாரன் கேக்குதா? அவதான். நாலு ஆயிருச்சு. அந்தப் பச்ச டிரக்கு, இந்தக் கட்டில் வண்டி, ரெண்டையும் எழுதிரு, வந்து கையெழுத்துப் போடறேன். நீயும் கூட வா, வெளிய காத்து நல்லா இருக்கு. உன்னப் பாத்ததும் கேப்பா, யாரப் பாத்தாலும் கேப்பா, என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களான்னு. சும்மா, ஆமாம்மான்னு சொல்லிரு. நான் இது வரைக்கும் அப்பிடிச் சொன்னதில்ல. அவகிட்டப் போய் எப்பிடிப் பொய் சொல்றதுன்னு இருந்துட்டேன். இன்னிலேருந்து சொல்லலாம், வீடு பின்னாலயே வருதில்ல.