கேரியரை விட்டுறாத அம்முணி

...இதுக்குப் பேரு நடைபாதையா அம்முணி? சந்தைக்கடை! ஒருத்தன் ஓடறான், ஒருத்தி நாயை இழுத்துக்கிட்டு வாறா, இன்னொரு கூட்டம் கையை மேல தூக்கிக்கிட்டு ஹாஹாஹான்னு பொய்யாச் சிரிக்குது. உடம்புக்கு நல்லதாம்! இருக்கட்டும், வேண்டாங்கலை. என்ற சமையக்கட்டு சன்னலுக்கு நேராவா வந்து சிரிக்கோணும்? அன்னிக்கு ரசம் கொதிச்சுட்டு இருக்கறப்ப... ஏய், பேச்சுவாக்குல கையை எடுத்துறாத! சீட்டைப் புடிக்காத, கூச்சமா இருக்குது. சைக்கிளுக்குப் பின்னாடி கேரியரைப் புடி. கெட்டியா! ஆங். மெதிக்கட்டுமா? அய்யய்யோ சாயுது சாயுது... சரி, சரியாப்போச்சு. ஓடியா, கூடவே ஓடியா.

உம்பேரு என்ன சொன்ன? ஜோத்... ஜோச்சனாவா? வாயில நிக்க மாட்டேங்குது, அம்முணின்னே கூப்படறேன். மூணாவது மாடிக்குக் குடிவந்து சாமானைக் கூட இன்னும் பிரிக்கலை, அதுக்குள்ள இழுத்துட்டு வந்துட்டாளேன்னு நெனைக்காத. இந்த டில்லி துவாரகாவுல வந்து கெடக்கற தமிழ்க்காரங்க நாம ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருக்கோணுமல்லோ? எதுத்த ஊட்டு சர்மா ஜி பொண்டாட்டியைக் கூப்பிட்டேன், முட்டிவலிங்கறா. கீழ் ஊட்டு ராஜி நேத்து வந்தா, இன்னிக்குப் போனையே எடுக்க மாட்டேங்கறா. என்னையப் பத்தி, அருக்காணி வாயைத் தொறந்தா மெட்ரோ கடைசி டேசன் வரைக்கும் மூடமாட்டான்னு சொல்லிட்டுத் திரியறாளாம்! நான் என்னத்தைப் பேசறேன்? தேவைக்குத்தான் பேசறேன்.

என்ன சொல்ல வந்தேன்... ஆங், இந்த எடம். முன்னால இது கூட்ஸ் வண்டி லைனு அம்முணி. நாங்க வாறதுக்கு முன்னாடியே வண்டி நின்னுபோச்சு. தண்டவாளம் மட்டும் துருப்புடிச்சுக் கெடந்துச்சு, ரெண்டு பக்கமும் கீக்கர் முள்ளு, நம்மூரு கருவேலமாட்டம். ஈ காக்கா எட்டிப் பாக்காது. எனக்கு அதுதான் பொடக்காலி! ஊட்டுக்குப் பின்னால எவ்வளவு பெரிய எடம், டில்லியில யாருக்குக் கெடைக்கும்? சேலையை விரிச்சு வடகம் போட்டா இந்த வெயிலுக்குச் சாயங்காலமே மொறுமொறுன்னு ஆயிரும். அப்பறம் ஒரு முருங்கைக் குச்சியை நட்டு உட்டேன்...

மெதுவா, மெதுவா, வளைவு வருது! லைனு முச்சூடும் நூல் புடிச்சாப்பல நேராப் போகுதல்லோ, இங்க மட்டும் என்னத்துக்கு ஒடியுதுன்னு கேளு. அதா நிக்குது பாரு, என்ற முருங்கை. பாதை போடறப்ப எஞ்சினியர் வந்து மரத்தை வெட்டோணும்னாரு. நான் உடுவனா? அவரு டீ குடிச்சுட்டு வாறதுக்குள்ள மஞ்சத்துணியைச் சுத்தி, குங்குமத்தை அப்பி, கீழ ஒரு கல்லையும் நட்டுப்போட்டேன். "சாப், யே மாதா ஜி கா பேட் ஹை. அம்மன் மரம், கோடாலி வெச்சீங்கன்னா குடும்பத்துக்கு ஆகாது"ன்னேன். மனுசன் வெலவெலத்துப்போயி பாதையையே வளைச்சுட்டாரு.

நல்லதாப் போச்சேங்கறியா? அட நீ வேற! இப்ப ஒரு காய் பறிக்க முடியலை! தொரட்டியை எடுத்துட்டுப் போனா "ஆண்ட்டி ஜி, பாப் லகேகா"ங்கறாங்க. பாவம் புடிக்குமாம்! நான் நட்ட மரம், நான் நட்ட கல்லு, எனக்கே புத்தி சொல்றாங்க. போன வாரம் பஜனை வேற. தலைக்கு மேல கொத்துக்கொத்தாத் தொங்குது, நான் முருங்கைக்காய் வாங்க ஐஎன்ஏ மார்க்கெட் போறேன். எங்கயாச்சும் உண்டா?

ஏ... திரும்பியாச்சா? விழலையே! பாத்தியா, நீ நல்லாப் புடிக்கற. ராஜிக்கு இந்த நேக்கு வராது.

இந்த வயசுல என்னத்துக்குச் சைக்கிளுன்னு கேப்பே. கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். எல்லாம் எங்க ஊட்டுக்காரரால. பட்டாளத்துல ரத்தினவேலுன்னா நடுங்குவாங்களாம். ரிட்டையர் ஆகி வந்து சோபாவுல உக்காந்தவருதான், சோபா குழி வுழுந்துபோச்சு. என்ன பேசுனாலும் 'உம்'முன்னு ஒரு சத்தம். ஆனா ஊட்டுல இருப்பாரு அம்முணி. நான் பேசறதுக்கு ஒரு காது இருந்துச்சு. இப்ப வெடிஞ்சா போதும், தலையில ஒரு சட்டியைக் கவுத்துக்கிட்டுக் கெளம்பிர்றாரு. சைக்கிள் கோஷ்டியாம். எல்லாருக்கும் மஞ்சச் சட்டை. சி பிளாக் சுஜாதா தலைவி. எங்கிட்ட வாயைத் தொறக்காத மனுசன் அங்க ஜோக்கு சொல்றாராம்! என்ன ஜோக்குங்கன்னு கேட்டேன். "அதெல்லாம் சைக்கிள் ஓட்டறவங்களுக்குத்தான் புரியும்"னுட்டாரு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலை.

யாரைப் போய்த் திட்டறது? சொசைட்டிக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, தண்டவாளத்தைப் புடுங்குங்க, பாதை போடுங்கன்னு தொண்டை கிழியக் கத்துனது யாருன்னு நெனைக்கற? நாந்தேன்! இந்த மனுசனைச் சோபாவுல இருந்து கெளப்பறதுக்கு வேற வழி தெரியலை. சைக்கிளை வாங்கிக் குடுத்ததும் நாந்தேன். மாட்டேன் மாட்டேன்னவரை முதுகுல கையை வெச்சுத் தள்ளி உட்டதும் நாந்தேன். யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குமாம், அந்தக் கதைதான்.

என்ன அம்முணி, சத்தத்தையே காணோம்? 'உம்' கூடக் கொட்ட மாட்டேங்கற, எங்க ஊட்டுக்காரராட்டம். மூச்சு வாங்குதா? சித்தே நிக்கலாமா?

அம்முணி?

திரும்பிப் பாத்தா விழுந்துருவேன், நீயே சொல்லு. புடிச்சிருக்கற தானே?... நெழலு ஒண்ணுதான் தெரியுது. ஒண்ணே ஒண்ணு... அடிப் பாதகத்தி! எங்கடி உட்டுட்டுப் போன? அந்த வளைவுலயேவா? அப்ப... அங்கிருந்து இத்தனை தூரமும்... நானாவா?

அரே பையா, ஹட்டோ! ஹட்டோ ஜி! நாயை இழு, நாயை இழு!

ஆத்தாடி, எதுக்க மஞ்சச் சட்டையாத் தெரியுதே... ஏனுங்க! ஏனுங்க, நாந்தாங்க! என்ன வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறீங்க, ஒதுங்குங்க! சுஜாதா, நீயுந்தான்! நிறுத்தறதா? நிறுத்த எங்கீங்க தெரியும், போகத்தான் தெரியும்! மாவு ஃப்ரிட்ஜுல இருக்குது, நீங்களே தோசை ஊத்திச் சாப்பிடுங்க!