அடுப்புச் சூட்டில் சுற்றும் காத்தாடி

சிவகங்கைப் பேருந்தில் முன்சீட்டில் இருவர். குளிர்நாட்டில் ஒரே அறையில் தங்கி வேலை பார்த்தவர்களாம். பல வருடம் கழித்துத் தற்செயலாகச் சந்தித்திருக்கிறார்கள்.

“கரண்டு இல்லாம அடுப்புச் சூட்டுலயே சுத்துமே, அந்தக் காத்தாடி இருக்கா மச்சான்?”

“இருக்கு. விறகடுப்புல தோசைக்கல்லப் போட்டு மேல வச்சா இப்பவும் சுத்துது.”

“பனியில அதுதான ரூம் முழுக்கச் சூட்டப் பரப்புச்சு. எண்ணெய் யாரு விடுறா?”

“நாந்தான். மாசம் ஒரு சொட்டு, தையல் மிசின் எண்ணெய்.”

“அப்பயெல்லாம் நாந்தான விடுவேன்! நீ தொடவே மாட்ட.”

“நீ கோவிச்சுக்கிட்டு வேற ரூமுக்குப் போனேல்ல, மறுவாரமே கிறீச்சுன்னு கத்துச்சு. அப்பப் பழகுனது.”



ஒக்கூர் வந்தது. காத்தாடிக்காரர் எழுந்தார். “வாறியா? அடுப்பப் பத்தவைக்கிறேன்.”

சிவகங்கைக்கு டிக்கெட் எடுத்திருந்தவரும் அவர் பின்னாலேயே இறங்கினார்.