எருமை மூக்கு

கருப்பு ரப்பர் பம்பர் ஒரு நல்ல காரின் முகத்தைக் கெடுத்துவிடும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் ஜீப்பில் போகிறவர்தான். ஆனாலும் உங்களுக்கும் கண் இருக்கிறதல்லவா.

என்னை உங்களுக்குத் தெரியும். கடைவாயில் நான் கட்டிய பல்லோடுதான் இதைப் படிக்கப் போகிறீர்கள். தரணிதரன், நாமக்கல்லில் பல் மருத்துவர், ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய காரை வாங்கிவிட்டு, இரண்டாவது இருக்கைக்கு ஆள் தேடியே காலத்தை ஓட்டியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லிமலைக்குப் போய் செம்மேட்டில் ஒரு வாடகை அறையில் பல் பார்ப்பேன். திங்கள் விடிந்ததும் இறங்கிவிடுவேன்.

கார் எம்.ஜி.பி., 1977-இல் இங்கிலாந்தில் செய்தது, பச்சை நிறம். இதே காரின் முதல் பத்துப் பன்னிரண்டு வருடத்து வண்டிகளுக்கு முன்னும் பின்னும் பளபளவென்று குரோம் பம்பர் இருக்கும். எழுபதுகளின் நடுவில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மெதுவாக மோதினால் வண்டிக்குச் சேதம் வரக்கூடாது என்று சட்டம். மோதப்படுகிற ஆளைப் பற்றி அதில் என்ன சொல்லியிருந்தது என்று எனக்குத் தெரியாது. கம்பெனிக்காரர்கள் குரோமை எடுத்துவிட்டு, உள்ளே இரும்பும் வெளியே கருப்பு ரப்பருமாக ஒரு கனத்த பம்பரை மாட்டினார்கள். சட்டம் சொன்ன உயரத்துக்காக வண்டியையே ஒன்றரை அங்குலம் தூக்கியும் விட்டார்கள். என்னுடையது அந்தத் தூக்கிய வகை.

அதற்கு எருமை மூக்கு என்று பெயர் வைத்தவர் ராசப்பன். மலையில் மிளகும் மரவள்ளியும் போட்டிருந்தவர். முதல் தடவை பல் பிடுங்க வந்தவர், பிடுங்கிய பல்லைக் கேட்டு வாங்கி வேட்டியில் முடிந்துகொண்டு, வெளியே நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏனுங்க டாக்டரு, வண்டி பூரா நல்லாத்தான் இருக்குது. மூஞ்சி மட்டும் எருமை மூக்காட்டம் இருக்குதுங்களே. ஊருக்கெல்லாம் பல்லுக் கட்டறீங்க, இதுக்கு ஒரு வெள்ளிப் பல்லுக் கட்டக் கூடாதுங்களா?"

அவ்வளவு சரியான நோயறிதலை நான் கல்லூரியில்கூடக் கேட்டதில்லை. அன்றிலிருந்து சிநேகம். குரோம் பம்பர்கள், பழைய மாதிரி கிரில், இண்டிகேட்டர் விளக்குகள் எல்லாவற்றையும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். வரவழைத்து எக்ஸ்ரே அறையில் இரண்டு வருடம் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். ஞாயிறுதோறும் ராசப்பன் கேட்பார். "பல்லு மொளச்சுதுங்களா?" அடுத்த மாசம் என்பேன்.

இந்த வருடம் ஜனவரியில், ஒரு திங்கட்கிழமை காலை, அறுபத்திரண்டாவது கொண்டை ஊசி வளைவில் ஏதோ வண்டி இடித்து ராசப்பன் இறந்துபோனார். மறுநாள் செவ்வாய்க்கிழமை என் காரை லாரிக்குக் கூடு கட்டும் செல்லமுத்துவின் பட்டறையில் விட்டேன். இரண்டு வருடச் சோம்பலை ஒரே நாளில் உதறியதை எல்லோரும் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

செல்லமுத்து பெட்டியைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "என்னங்க டாக்டரே, இத்தன வருசம் உட்டுப்போட்டு இப்ப இந்த அவசரம்? பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"வயசு போயிரும்ல" என்றேன்.

நீங்கள் நினைப்பதுபோல் கழற்றி மாட்டுகிற வேலை இல்லை அது. கருப்பு பம்பரைத் தாங்கும் இரும்புக் கட்டைகளை வெட்டி எடுக்க வேண்டும். விளக்குக்குக் கீழே தகடு குறைவாக இருக்கும்; அங்கே புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, தேய்த்து, பெயிண்ட் அடிக்க வேண்டும். பழைய பம்பரைக் கீழே இறக்கும்போது செல்லமுத்து அதன் இடது மூலையில் விரலை வைத்தார். "வெள்ளையா நூலு ஒட்டீருக்குதுங்களே. சாக்கு நூலாட்டம்."

"மலையிலிருந்து மிளகுச் சாக்கு ஒன்று கொண்டுவந்தேன்" என்றேன். பம்பரில் வைத்தா கொண்டுவருவார்கள் என்று அவர் கேட்கவில்லை. டாக்டர் என்றால் அப்படி ஒரு மரியாதை.

புதன்கிழமை நீங்கள் வேர் சிகிச்சைக்கு வந்தீர்கள். ராசப்பன் வழக்கு உங்களிடம்தான் இருந்தது. வாயில் பஞ்சோடு நீங்களே சொன்னீர்கள்: வளைவின் கைப்பிடிச் சுவரில் கருப்பு ரப்பர் தேய்ந்த தடம் இருக்கிறது, தொடையில் விழுந்த அடியின் உயரத்தை டாக்டர்கள் அளந்திருக்கிறார்கள், அந்த உயரத்தில் கருப்பு பம்பர் உள்ள வண்டிகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று. நான் வாய் கொப்பளிக்கச் சொன்னேன். என் கை நடுங்கவில்லை. உங்கள் பல் அதற்குச் சாட்சி.

அன்று மாலை செல்லமுத்துவிடம் போய், வண்டியை ஒன்றரை அங்குலம் தாழ்த்திவிடச் சொன்னேன். குரோம் பம்பர் மாட்டினால் தாழ்த்துவதுதான் முறை. இல்லாவிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டுப் போட்டதுபோல் இருக்கும். இதை நான் சொல்லவில்லை. காரைப் பற்றித் தெரிந்த யாரும் சொல்வார்கள்.

வியாழக்கிழமை வேல்முருகனைக் கைது செய்தீர்கள்.

வேல்முருகன் ராசப்பனின் மச்சான். அவர் மனைவி ருக்குமணியின் உடன்பிறந்த தம்பி. மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் லோடு வண்டி வைத்திருந்தவன். முன் பம்பர் கருப்பு பிளாஸ்டிக், அதில் ஒரு விரிசல், வண்டிக்குள் ரத்தம். பலாமரம் ஒன்றில் யாருக்கு எந்தக் கிளை என்று அதற்கு முந்தின மாதம்தான் மாமனும் மச்சானும் ஊர் கூடச் சண்டை போட்டிருந்தார்கள். எட்டு மணிக்கு அந்த வழியாக மேலே ஏறியபோது மாமன் சுவருக்கு அடுத்த பள்ளத்தில் கிடந்தார், உயிர் இருந்தது, தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன், வழியில் போய்விட்டார் என்று அவன் சொன்னான். யார் இடித்தது என்று கேட்டதற்கு மாமன் சொன்னதாகவும் ஒன்று சொன்னான். "யாரும் இடிக்கல சாமி. நானா உழுந்துட்டேன்."

சுவரில் ரப்பர் தடம் இருக்கிறது, இவன் தானாக விழுந்தார் என்கிறானே என்று நீங்கள் அதை நம்பவில்லை. நான் நம்பினேன். அந்தச் சொல்லின் முழு எடையும் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

இனி அந்தத் திங்கட்கிழமை.

எனக்கு விளையாட்டுப் புத்தி அதிகம். நோயாளி வாயைத் திறந்ததும் ஒரு ஜோக் சொல்வேன். அவர்களால் சிரிக்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. திங்கள் காலைகளில் ராசப்பன் தன் மிளகுக் காட்டுக்கு அந்த ரோட்டில்தான் இறங்கி நடப்பார், தோளில் வெள்ளை உரச்சாக்கோடு. மலையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நடக்கிறவர்கள் அதைக் கேட்டுத்தான் ஒதுங்குவார்கள். நான் அடிக்க மாட்டேன். மேலேயே என்ஜினை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் உருண்டு வந்து, அவர் முதுகுக்குப் பத்தடி பின்னால் ஹாரனை ஒரே அழுத்தாக அழுத்துவேன். அவர் மலைப்பக்கம் துள்ளிக் குதித்து, நெஞ்சில் கைவைத்து, "ஏனுங்க டாக்டரு, ஒரு நாளைக்கு என்ற உசுரு போகப் போகுது, நீங்கதான் வந்து பல்ல எண்ணோணும்" என்பார். இரண்டு பேரும் சிரிப்போம். மீதி வழிக்கு இரண்டாவது இருக்கையில் ஏறிக்கொள்வார். இரண்டு வருடம் இது நடந்தது.

முந்தின நாள் ஞாயிறு அவருக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தேன். தாடை வீங்கியது. குளிர் படாமல் இருக்கட்டும் என்று காதோடு சேர்த்துத் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டவனும் நான்தான்.

காலை ஆறரை. பனி. துண்டு கட்டிய தலை முன்னால் போனது. ஹாரனை அழுத்தினேன். அவர் மலைப்பக்கம் குதிக்கவில்லை, ரோட்டுப்பக்கம் குதித்தார். என்ஜின் அணைந்த வண்டியில் பிரேக் கல்லாகிவிடும். மிதித்தேன், அது கொஞ்சம்தான் கேட்டது. எருமை மூக்கு அவரைத் தொடையில் முட்டியது. அவரைச் சுவரோடு தேய்த்து, அந்தப் பக்கம் தள்ளியது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். நாடி பிடித்தேன், வேகமாகவும் மெலிதாகவும் ஓடியது. வயிறு கெட்டியாகிக்கொண்டு வந்தது. உள்ளே ரத்தம் போகிறது என்று பல் டாக்டருக்கும் தெரியும். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்.

"இன்னைக்கு நெசமாவே பயந்துட்டேனுங்க" என்றார்.

இரண்டாவது இருக்கை காலியாக இருந்தது. செம்மேட்டு ஆஸ்பத்திரி மேலே அரை மணி. நான் அவரிடம், "இங்கே சிக்னல் இல்லை. கீழே போய் 108-க்குச் சொல்லிட்டு உடனே வாரேன்" என்றேன். "செரிங்க, பாத்து மெதுவாப் போங்க" என்றார்.

ஐம்பதாவது வளைவில் சிக்னல் வந்தது. போன் மடியில்தான் இருந்தது. நாற்பதாவதிலும் இருந்தது. முதல் வளைவு வரைக்கும் இருந்தது. அடிவாரத்தில் காரவள்ளியில் டீ குடித்தேன். சர்க்கரை அதிகம் என்று கடைக்காரரிடம் சொன்னது நினைவிருக்கிறது.

அடுத்த ஞாயிறு புது பம்பரோடு செம்மேடு போனேன். ருக்குமணி வந்தார். தாலி இல்லாத கழுத்தோடு காருக்கு முன்னால் குந்தி, பம்பரில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தார்.

"அவரு ஆசப்பட்டாருன்னு மாத்திட்டீங்களா சாமி" என்றார். "எங் கையால பொட்டு வெக்கக் கூடாதுங்க." அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு மஞ்சளும் குங்குமமும் வைக்கச் சொன்னார். நான் தலையைக் குனிந்து நின்றேன். அழுதேன். அது நடிப்பில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏழு மாதமாக வேல்முருகன் சேலம் ஜெயிலில் இருக்கிறான். ருக்குமணி அவனை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. போன செவ்வாய் கோர்ட்டில் அவருக்குச் சாட்சி. பஸ்ஸில் அலைய வேண்டாம் என்று நானே அழைத்துப் போனேன். ராசப்பன் உட்கார்ந்த இருக்கையில் அவர் உட்கார்ந்தார். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி இறங்கினேன்.

"இப்பெல்லாம் ஆரன் அடிக்கறீங்க" என்றார் அவர்.

"ஆமாங்க."

"அவரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க. டாக்டரு சத்தமில்லாம வாராராம். சக்கரம் உருள்ற சத்தம் மூணு வளைவுக்கு மேலயே இவருக்குக் கேட்டுருமுங்க. கேக்காதாட்டமே நடப்பாராம். எதுக்கு இந்தக் கூத்துன்னு கேட்டேன். 'அந்த மனுசன் தனிக்கட்டை புள்ள, சித்த நேரம் சிரிச்சுட்டுப் போவட்டும்'னு சொன்னாருங்க."

அறுபத்திரண்டாவது வளைவு வந்தது. ஹாரன் அடித்தேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு திங்களும் எந்தப் பக்கம் குதிக்க வேண்டும் என்று அவர் முன்கூட்டியே தெரிந்து குதித்திருக்கிறார். காதை நான் கட்டிவிட்ட அந்த ஒரு நாள் மட்டும் தெரியாமல் குதித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார். "படிச்சவங்க நீங்க சொல்லுங்க. எந்தம்பி செஞ்சிருப்பானுங்களா?"

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். அது என் வாயில் இருந்தது. "கோர்ட் பாத்துக்கும்மா" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். கோர்ட்டில் பலாமரச் சண்டையை உள்ளபடியே சொன்னார். கூண்டில் நின்ற தம்பி "அக்கா" என்றான். அவர் திரும்பவில்லை.

இருபத்தைந்தாம் தேதி தீர்ப்பு. ஆகவே எழுதுகிறேன்: ராசப்பனை இடித்தவன் நான். உயிரோடு விட்டுவிட்டுப் போனவனும், ஆள் அனுப்புகிறேன் என்று பொய் சொன்னவனும், வேல்முருகனை உள்ளே வைத்திருப்பவனும் நான். பழைய பம்பரை வெட்டிப் போடவில்லை. எக்ஸ்ரே அறையில், குரோம் வந்த பெட்டியிலேயே இருக்கிறது, அந்த வெள்ளை நூலோடு. செல்லமுத்துவுக்கு ஒன்றும் தெரியாது.

தானாக விழுந்தேன் என்று ராசப்பனே சொல்லியிருக்கும்போது நான் வேறு சொல்வது அவருக்குச் செய்யும் துரோகம் ஆகாதா என்றும் ஏழு மாதம் யோசித்திருக்கிறேன். கேட்கச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது.

இந்தக் கடிதத்தை நானே நேரில் கொண்டுவந்து கொடுப்பேன். நாளை முடியாது. ருக்குமணிக்கு மேல் வரிசையில் ஒரு பல் சொத்தை. வேர் சிகிச்சை ஆரம்பித்திருக்கிறேன். நான்கு ஞாயிறு ஆகும். பாதியில் விட்டால் வலி தாங்க மாட்டார். அது முடிந்ததும் வருகிறேன். அதற்குள் தேதி தாண்டிவிடும் என்பது எனக்கும் தெரிகிறது, ஐயா. ஆனால் புருஷனும் போய், உடன்பிறந்தவனும் உள்ளே இருக்கும்போது, அந்த அம்மாவுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.